இரவல் ஆட்டக்காரன்

பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினீர்கள், அதனால்தான் கேட்கிறேன் சார், தப்பாக நினைக்க வேண்டாம். ஹாக்கி என்று எங்கேயாவது ஒரு வரி போட்டிருக்கிறானா? இல்லை. நீங்கள் திருப்பும்போதே நானும் பார்த்துவிட்டேன். முழுக்கக் கிரிக்கெட். கோவில்பட்டிக்காரன் கையில் கிரிக்கெட் மட்டையைக் கொடுத்தால்கூட ஹாக்கி மட்டை மாதிரிதான் பிடிப்பான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் விற்கிற பேப்பரில் ஹாக்கிக்கு ஒரு வரி கிடையாது. ஒரு விதத்தில் நல்லதுதான். போட்டிருந்தால் நாங்கள் தோற்றதைத்தான் போட்டிருப்பான்.

தூத்துக்குடிதானே போகிறீர்கள்? நானும் அங்கேதான். அக்கா வீட்டுக்கு.

என் பெயர் தங்கமாரியப்பன். தண்ணீர் லாரி வைத்திருக்கிறேன். ஆனால் ஊருக்குள் லாரிக்காரன் என்று யாரும் சொல்வதில்லை, ஜூபிடர் மாரியப்பன் என்றுதான் சொல்வார்கள். ஜூபிடர் ஹாக்கி கிளப்புக்கு நான் தலைவர். வருஷாவருஷம் கோடையில் எங்களுக்கு ஒரு லீக் நடக்கும். ஊரிலிருந்தும் சுத்துப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் எட்டு அணி. அதில் ஏழு வருஷமாக நாங்கள்தான் சாம்பியன். ஏழு வருஷம் சார். எட்டாவது வருஷம், போன மாதக் கடைசியில், மேட்டுக்கரிசலிடம் தோற்றோம்.

மேட்டுக்கரிசல் உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமில்லை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். அங்கே மைதானம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கட்டாந்தரை, சரளைக்கல், நடுவில் ஆட்டுப் பாதை. அதில்தான் ஆடுவார்கள். முந்தின வருஷம் அவர்களைப் பதினொன்றுக்கு சைபர் என்று அடித்தோம். பதினொன்று போட்ட பிறகு எனக்கே பாவமாகப் போய், எங்கள் பழைய மட்டைகள், கால் கவசம், பூட்ஸ் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி, மேடையில் வைத்து, மைக்கில் சொல்லி அவர்களுக்குக் கொடுத்தேன். யார் கொடுப்பார்கள் சார்? நான் கொடுத்தேன். அந்த மட்டையால்தான் எங்களை அடித்தார்கள்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், கடைசி இடத்தில் கிடந்தவன் ஒரே வருஷத்தில் எப்படி ஃபைனலுக்கு வந்தான் என்று. அங்கேதான் விஷயம் இருக்கிறது. இரவல் விதி.

சோலையப்பன் கொண்டுவந்த விதி அது. சோலையப்பன் என்றால் லீக்கின் செயலாளர். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். நானும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே டீமில் ஆடியவர்கள், அவர் கோல்கீப்பர். பந்து பின்னால் போன பிறகு பாய்கிற கோல்கீப்பர். அவருக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டது. எல்லா அணியும் சமமாக இருக்க வேண்டுமாம். சாம்பியன் அணி தன் பதினொரு பேரை வைத்துக்கொள்ளலாம். பெஞ்சில் இருக்கிறவர்களில் ஒருவனை, கடைசியாக வந்த அணி கைகாட்டுகிறவனை, அந்த வருஷத்துக்கு இரவல் கொடுத்துவிட வேண்டும். எந்த அணியிலும் கையெழுத்துப் போடாத ஆட்டக்காரனும் குலுக்கலுக்குப் போய்விடுவான். பெயர்தான் குலுக்கல், அதிலும் கடைசி அணிதான் முதலில் எடுக்கும். இதுதான் விதி.

மைதானத்து வாசலில் டீக்கடை இருக்கிறது. சாயங்காலம் ஆனால் அங்கேதான் எல்லாரும். சோலையப்பனிடம் நான் நேராகவே கேட்டேன்.

"எதுக்கு வேய்? நாங்க வளத்த பையனை நாங்க ஏன் குடுக்கணும்?"

"பெஞ்சுல உக்காந்து தேஞ்சுக்கிட்டு இருக்காம்லா, அவனைத்தான கேக்கோம்."

"பெஞ்சு எங்க பெஞ்சு."

"அப்ப பெஞ்சையும் சேத்துக் குடும்."

டீக்கடை முழுக்கச் சிரிப்பு. சோலையப்பன் அப்படித்தான். பதில் இல்லாவிட்டால் சிரிக்கவைத்துவிடுவார்.

"போன வருச ஃபைனலுக்கு எத்தனை பேரு வந்தான்னு தெரியுமா?" என்றார். "சுண்டல்காரன் பாதியில கடையக் கட்டிட்டுப் போயிட்டான். மிச்சம் இருந்தவன்ல ஒருத்தன் தூங்குதான், இன்னொருத்தன் அவனுக்குத் துணைக்கு இருக்கான். யாரு ஜெயிப்பான்னு தெரிஞ்ச ஆட்டத்த எவன்வே பாப்பான்? தோக்குறதுக்கு ஆள் வேணும்லா உமக்கு? இப்பிடியே போனா அதுக்கும் வரமாட்டான்."

மொபைல் கடை ஆரோக்கியம் என்று ஒருவன். எல்லாவற்றுக்கும் போனில் தேடிப் பதில் சொல்வான். "வெளிநாட்டுல ஐஸ் ஹாக்கியில இதுதான் வழக்கம் அண்ணாச்சி. கடைசியா வந்த டீமுக்குத்தான் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறதுல முதல் மரியாதை. அதான் அங்க யாரு யாரை வேணாலும் அடிக்கான், ஸ்டேடியம் நிறையுது" என்கிறான்.

"ஐஸ் மேல ஆடுறவன் கதைய மே மாசம் கோவில்பட்டியில வந்து சொல்லுதியேடே" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் ஓட்டு எடுத்தபோது ஏழு அணி கை தூக்கியது. நாங்கள் மட்டும்தான் எதிர்ப்பு. ஏழு பேர் சேர்ந்து ஒருவனிடமிருந்து பிடுங்குவதற்குப் பெயர் சமத்துவம். சரி, விடுங்கள்.

மேட்டுக்கரிசல்காரர்கள் எட்வினைக் கேட்டார்கள். மூன்று வருஷமாக எங்கள் பெஞ்சில் இருந்த தடுப்பாட்டக்காரன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எங்களுக்குச் சந்தோஷம்தான். எட்வின் நல்ல பையன், ஆனால் ஓடமாட்டான். "கொண்டுட்டுப் போங்கப்பா, நல்லாச் சாப்பிடுவான்" என்றேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். மேட்டுக்கரிசல் இரண்டு ஆட்டம் ஜெயிக்கிறது, இரண்டு டிரா செய்கிறது, அரையிறுதியில் ஷூட் அவுட்டில் தப்பிப் பிழைக்கிறது, ஃபைனலுக்கு வந்துவிடுகிறது. இதெல்லாம் எட்வின் போன பிறகுதானே? எங்கள் பயிற்சி சார் அது. எங்கள் சரக்கு.

நான் இதைச் சொன்னால் சோலையப்பன் என்ன சொல்கிறார் தெரியுமா? ஃபைனலில் எட்வின் தொடையில் பிடித்துக்கொண்டு இரண்டாவது கால்மணி நேரத்திலேயே வெளியே வந்துவிட்டானாம். அவர்கள் போட்ட இரண்டு கோலும் கடைசிக் கால்மணி நேரத்தில் விழுந்ததாம். அந்த நேரத்தில் எட்வின் ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தானாம். இருந்தான், நானும் பார்த்தேன். அதனால் என்ன? வெளியே உட்கார்ந்தால் வாய் இல்லையா? சொல்லிக்கொடுத்திருப்பான். எங்கள் டீமின் பலவீனம் முழுக்க அவனுக்குத் தெரியும்.

"அப்ப கப்பை ஆளுக்குப் பாதியா அறுத்துக்கிடுவோமா?" என்கிறார் சோலையப்பன். இவரிடம் என்ன பேசுவது.

எங்கள் கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹரிராம். என் அக்கா மகன். அக்கா வீட்டுக்காரர் தூத்துக்குடியில் வேலை பார்த்தார், அங்கே ஹாக்கிக்கு வழியில்லை என்று பத்து வயதிலேயே என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். அவன்தான் வீட்டில் பையன். காலையில் நான் எழுந்திருப்பதற்கு முன்னால் பந்தோடு எழுந்திருப்பான். அவனுடைய ஆட்டம் எப்படியென்றால், பந்து மட்டையை விட்டுப் போவது தெரியாது. தரையோடு தரையாக, கோடு போட்ட மாதிரி போய் அடுத்தவன் மட்டையில் உட்காரும். ஏழு வருஷத்தில் நாலு வருஷம் அவன் கேப்டன். எங்கள் ஊரில் ஹாக்கி ஆடுகிற பையனுக்கு ஒன்றுதான் கனவு சார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. ரயில்வேயோ, வங்கியோ, ஏதோ ஒன்று. அப்பனுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை, மகனுக்கு மட்டையால் வேலை, அப்படி எழுந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த வேலைக்கு ஹரிக்கு இதுதான் கடைசி வருஷம். வயது வரம்பு. சென்னையிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்து அணியின் கோச் ஃபைனலைப் பார்க்க வந்திருந்தார். ஒரே ஒரு பையனை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஹரியைப் பார்க்கத்தான் வந்தார். ஊருக்கே தெரியும்.

அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

ஆட்டத்தைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இப்போது செயற்கைப் புல் மைதானம். நீலக் கலர். அதில் ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் அடிக்க வேண்டும். நனைந்திருந்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். காய்ந்திருந்தால் பந்தை இழுக்கும், துள்ளும், விழுந்தவனுக்குத் தோல் உரியும். கோடையில் குழாயை நம்ப முடியாது என்று லீக் ஆட்டங்களுக்கு நான்தான் லாரியில் தண்ணீர் கொடுக்கிறேன். இலவசம். பத்துப் பைசா வாங்கியதில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் மைக்கில் என் பெயரைச் சொல்வார்கள், அவ்வளவுதான். அரையிறுதியில் ராயல் அணியோடு ஆடினோம் பாருங்கள், அன்றைக்கு மூன்று லோடு அடித்தேன். ராயல் பலமான அணி, சும்மா விட முடியுமா? புல்லில் பந்து மீன் மாதிரி போயிற்று. ஐந்துக்கு ஒன்று.

ஃபைனல் அன்றைக்கு முகூர்த்த நாள். மே மாதம், முகூர்த்த நாள், எங்கே பார்த்தாலும் தண்ணீர் கேட்கிறான். மத்தியானம் ஹரி போன் செய்தான். "மாமா, லாரி இன்னும் வரலையே" என்றான்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "ஏலே, மேட்டுக்கரிசலோட ஆடுறதுக்கு என்னத்துக்குடா தண்ணி? அவன் எதுத்தாப்புல நின்னா ரோட்டுலயே நாலு கோல் போடுவீகளே."

"மாமா, வெயில்ல புல்லு கொதிக்குது. ஒரு லோடாவது அனுப்புங்க."

"எல்லாம் போதும், போய் ஆடு. சாயங்காலம் பிரியாணி சொல்லிருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. இதில் என்ன தப்பு சார்? ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது புல்லுக்கு ஊற்றுவதா? ஒரு மனசாட்சி வேண்டாமா?

ஆமாம், கல்யாண மண்டபத்துக்குத்தான் அனுப்பினேன். அங்கே மட்டும் என்ன, குடிக்கத்தானே செய்வார்கள்.

சரி, ஆட்டம். இந்த ஆட்டத்துக்கு மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கூட்டம். எல்லாம் மேட்டுக்கரிசல் ஆட்கள். டிராக்டரில் வந்திருந்தார்கள், பெண்கள்கூட வந்திருந்தார்கள். சுண்டல்காரன் இரண்டு பேர். ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குப் பந்து வாய்க்கவில்லை. ஹரி அடிக்கிற பந்து பாதி வழியில் சோர்ந்து நிற்கிறது. நிற்காவிட்டால் துள்ளி மட்டைக்கு மேலே போகிறது. எங்கள் பையன்கள் குனிந்து நிறுத்தப் போனால் முழங்கையில் வந்து படுகிறது. அவன்களோ மட்டையைத் தரையோடு படுக்கப் போட்டு நிறுத்துகிறான்கள். சரளைக்கல்லில் ஆடுகிறவன் அப்படித்தான் நிறுத்துவான். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. நிறுத்துகிறான், தூக்கி மேலே அடிக்கிறான், எல்லாரும் சேர்ந்து அதன் பின்னால் ஓடுகிறான்கள். அது ஆட்டமா சார்? எங்கள் ஆட்டம் அழகு. அன்றைக்கு அழகு எடுபடவில்லை.

ஹரி மட்டும்தான் விழுந்து விழுந்து ஆடினான். மற்றவர்கள் விழப் பயந்தார்கள். முழங்கால் இரண்டும் உரிந்து ரத்தம் காலுறைக்குள் இறங்குகிறது, அப்படியே ஆடினான். பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒரு கோல் போட்டான். அதை நிறுத்திவைத்து அடிக்க வேண்டும், அதனால் எந்தத் தரையாக இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். பிறகு காளிராஜ் என்று அவர்களுடைய முன்வரிசைக்காரன், கறுத்து, ஒல்லியாக, பூட்ஸ்கூட எங்கள் பழைய பூட்ஸ், நான் கொடுத்தது, அவன் ஒரு பந்து துள்ளி இடுப்புயரம் வரும்போது அப்படியே மட்டையால் தட்டி உள்ளே விட்டான். கோல். ஐந்து நிமிஷம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. எங்கள் கோல்கீப்பர் பந்து தரையோடு வரும் என்று காலை நீட்டினான், அது அவன் தோளுக்கு மேலே போயிற்று. இரண்டுக்கு ஒன்று. முடிந்தது.

மேட்டுக்கரிசல்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கி அழுகிறார்கள் சார். ஜெயித்தவன் அழுகிறான். ஒரு கிழவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்த மட்டைதான் மொதலாளி" என்கிறார். என்னைக் குத்திக்காட்டுகிறாரா, நன்றி சொல்கிறாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சென்னை கோச் காளிராஜின் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

அன்றைக்கு வீட்டில் பிரியாணியை யாரும் தொடவில்லை. ஹரி கிணற்றடியில் உட்கார்ந்து முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய், "விடுடே, எல்லாம் இந்த இரவல் விதியால வந்தது. எட்வின் மட்டும் அங்க போகாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "மாமா, தண்ணி ஏன் வரலை?" என்றான்.

பாருங்கள். தோற்ற பிறகு தண்ணீர், வெயில் என்று காரணம் சொல்வது ஒரு கேப்டனுக்கு அழகா? அதைத்தான் சொன்னேன். "நல்ல ஆட்டக்காரன் தரையக் குத்தம் சொல்லமாட்டான்லே" என்றேன்.

"சரிதான் மாமா," என்று சிரித்தான். "காஞ்ச தரையில ஆடத் தெரியாதது எங்க தப்புதான். ஏழு வருசம் உங்க தண்ணியிலயே ஆடிட்டோம்."

அவனே ஒத்துக்கொண்டான் சார். என் வாயால் சொல்லவில்லை, அவன் வாயால் வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டான். என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. இப்போது ஏதோ கண்டெய்னர் கிடங்கில் வேலையாம். வருகிற பெட்டி போகிற பெட்டியை எண்ணுகிற வேலை. அந்தக் கையால்.

போன் செய்தால் எடுப்பதில்லை. என் பெண்கள் செய்தால் எடுக்கிறான், சிரித்துப் பேசுகிறான். நான் வாங்கிப் பேசினால், "சொல்லுங்க மாமா" என்கிறான். நான் சொல்கிறேன். லீக்கில் மறுபடியும் பேசியிருக்கிறேன், விதியை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன், அடுத்த வருஷம் நீதான் கேப்டன் என்றெல்லாம் சொல்கிறேன். கேட்டுக்கொண்டே இருப்பான். முடிவில், "வேற எதுவும் இல்லையா மாமா?" என்பான். இல்லை என்றால் வைத்துவிடுவான்.

ஊரில் வேறு ஆள் ஆளுக்குப் பேச்சு. டீக்கடையில் நான் போனால் பேச்சை மாற்றுகிறார்கள். ஒரு நாள் சோலையப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேய், நீரு என் விதிய ஏசும், வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு, எங்க விதி செஞ்சதவிட ரெண்டு டீமையும் அன்னைக்குச் சமமாக்குனது நீருதான்" என்றார். என்ன அர்த்தம் அதற்கு? செயலாளர் பேசுகிற பேச்சா அது? நான் அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. முப்பது வருஷப் பழக்கம். போகட்டும்.

வருகிற புதன்கிழமை அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிகிற கடைசி நாள். ஹரி வந்து ஜூபிடருக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் குலுக்கல். குலுக்கலில் கடைசி அணிதான் முதலில் எடுக்கும். என் வீட்டில் என் சோற்றைத் தின்று வளர்ந்த பையன், எவனோ ஒருவனுக்கு இரவல் ஆட்டக்காரன். நினைத்துப் பாருங்கள் சார். வேலையும் போயிற்று. ஆட்டமாவது வீட்டோடு இருக்க வேண்டாமா? அவன் அறையில் கட்டிலுக்கு அடியில் பந்து கிடக்கிறது. பெருக்குகிறவள் தள்ளிவிட்டால் உருளுகிற சத்தம் கேட்கும். எனக்கு அதுவரைக்கும் தெரியாது, ஒரு பந்துக்கு வீட்டுக்குள் இவ்வளவு சத்தம் உண்டு என்று.

அக்காதான் போன் செய்தாள். "ஏலே தம்பி, அவன் வாரேன்னுதான் சொல்லுதான். ஒரு வார்த்தை கேக்கான். அதச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போயேன்."

"என்ன வார்த்தை?"

"தண்ணிய நாந்தான் அனுப்பலைன்னு மாமா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும், போதும்ங்கான். மன்னிப்பெல்லாம் வேண்டாமாம். வேற யாருக்கும் சொல்ல வேண்டாமாம். அவங்கிட்ட மட்டும்."

"சொல்லிட்டா வந்துருவானா?"

"அன்னைக்கே பையக் கட்டிருவான். எனக்குத் தெரியாதா? ராத்திரி எந்திரிச்சு வாசல்ல கம்ப வச்சுக் கல்லைத் தட்டிக்கிட்டு நிக்கான்லே."

அவ்வளவுதான் சார். ஒரு வார்த்தை. பெரிய மனுஷன், தலைவர், ஒரு வார்த்தை சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது? சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். இல்லை, நிச்சயமாகச் சொல்லிவிடுவேன். எட்டயபுரம் தாண்டும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

எப்படி என்று கேட்கிறீர்களா? இப்படித்தான். "ஹரி, அன்னைக்கு எட்வினை மட்டும் அவனுங்களுக்குக் குடுக்காம இருந்திருந்தா..." இல்லை, இது அவன் கேட்டது இல்லை.

இருங்கள். "ஹரி, அன்னைக்கு முகூர்த்த நாள். மண்டபத்துக்காரன் காலையில இருந்து உயிரை வாங்குறான். எனக்கும் தொழில்னு ஒண்ணு இருக்கு..." இதைச் சொன்னால் அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கிணற்றடியில் பார்த்த சிரிப்பு.

"ஹரி, அன்னைக்குத் தண்ணி..."

என்ன ஹாரன் அடிக்கிறான் பாருங்கள் இந்த டிரைவர். மனிதன் நிம்மதியாக ஒரு வார்த்தை யோசிக்க முடியவில்லை. ஊருக்குள் வந்துவிட்டோமா? அதற்குள்ளாகவா? பேசிக்கொண்டே வந்ததில் தெரியவில்லை.

உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்களும் சோலையப்பன் கட்சி மாதிரி தெரிகிறது. பரவாயில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். நான் அப்படிச் சொன்னால் அது வெறும் வார்த்தையா? நாளைக்கு அது எப்படி ஆகும்? ஜூபிடர் தோற்றது தலைவரால் என்று ஆகும். ஹரியின் வேலை போனது மாமாவால் என்று ஆகும். பத்து வயதிலிருந்து வளர்த்தவன் நான். அவன் பூட்ஸ் ஒவ்வொன்றும் நான் வாங்கியது. அவன் வேலை என்னால் போயிற்று என்று என் வாயாலேயே, அவன் முகத்தைப் பார்த்து... விதியால் போயிற்று சார். விதி இல்லாவிட்டால் மேட்டுக்கரிசல் ஃபைனலுக்கே வந்திருக்காது. அது வராவிட்டால் வேறு நல்ல அணி வந்திருக்கும். நல்ல அணி வந்திருந்தால் நான் தண்ணீர் அனுப்பியிருப்பேன். மூன்று லோடு அனுப்பியிருப்பேன். சரிதானே? கணக்கு நேராக வருகிறதா இல்லையா?

ஸ்டாண்ட் வந்துவிட்டது. இறங்குங்கள், உங்கள் பையை எடுத்துத் தரட்டுமா? பத்திரம், படி உயரம்.

நானா? இறங்க வேண்டும். வெயில் ஏறிவிட்டது பாருங்கள். இந்த நேரத்தில் போனால் அவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவனுக்கு ஓய்வு.

என்ன கண்டக்டர்? கேட்டது, கேட்டது. சத்தமாகச் சொல்லாதேயும். போன வாரம் அக்கா ஊரில் இல்லை, அதனால் இதே பஸ்ஸில் திரும்பிப் போனேன். அதற்கு முந்தின வாரம் உடம்பு சரியில்லை. இவர் வெளியூர்க்காரர், தப்பாக நினைத்துக்கொள்ளப் போகிறார்.

சார், ஒரு நிமிஷம். போவதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் எந்தப் பக்கமும் இல்லாதவர், அதனால் கேட்கிறேன். அந்த இரவல் விதி நியாயமா?

இல்லை சார், நான் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. விதியைக் கேட்கிறேன். விதியை.

சரி, போய்வாருங்கள்.

கண்டக்டர், கோவில்பட்டி ஒன்று.